நரம்பணுக்களைப் பிரித்துக் காட்டிய கஹால்

மாணவர்களே, நரம்பணுவின் படத்தை நான் முதன்முதலில் வரைந்தபோது, ஓர் அணுவின் வால் அடுத்த அணுவோடு ஒட்டும்படி கோட்டை இழுத்துவிட்டேன். ஆசிரியர் அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, நடுவில் சிறு இடைவெளி விட வேண்டும் என்றார். இந்தத் துளி இடைவெளிக்கா மதிப்பெண் போனது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த இடைவெளிக்காக ஒருவர் உலக அறிஞர்களோடு பல ஆண்டுகள் வாதாடினார் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் பெயர் சந்தியாகோ ரமோன் இ கஹால். 1852 மே 1 அன்று ஸ்பெயினின் வடபகுதியில் ஒரு சிறு மலைக் கிராமத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர், மிகக் கண்டிப்பானவர். மகனுக்கோ ஓவியப் பைத்தியம். படிப்பில் நாட்டமில்லை, குறும்புக்குக் குறைவில்லை. ஏறக்குறைய 11 வயதில் சொந்தமாகப் பீரங்கி செய்து வெடித்து, பக்கத்து வீட்டு வாசற்கதவைச் சிதறடித்தார். அதற்காகச் சில நாள் காவலில் இருந்தார். ஓவியத்தால் பிழைக்க முடியாது என்று எண்ணிய தந்தை, அவரை முடிதிருத்துபவரிடமும் பிறகு செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார்.

ஒரு கோடை விடுமுறையில் தந்தை அவரைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே கிடந்த பழைய எலும்புகளைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். கஹால் எலும்புகளை வரையத் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தந்தை வேண்டாம் என்று தடுத்த ஓவியத் திறன்தான் மகனை மருத்துவத்துக்குள் இழுத்து வந்தது.

1873இல் சரகோசா நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். இராணுவ மருத்துவராகக் கியூபாவுக்குச் சென்று, மலேரியாவில் உடல் நலிந்து ஊர் திரும்பினார். பிறகு பேராசிரியரானார். 1885இல் காலரா பரவியபோது அவர் செய்த ஆய்வுக்கு நன்றியாகச் சரகோசா மாநில நிர்வாகம் தரமான நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்தது. கைச்செலவுக்கே யோசித்த ஓர் ஆய்வாளருக்கு அது எவ்வளவு பெரிய பரிசு!

அக்காலத்தில் மூளை எப்படி அமைந்திருக்கிறது என்பது பெரும் புதிர். இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்ஜி, 1873இல் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்பணுக்களைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். ஆயிரக்கணக்கான அணுக்களில் ஒரு சில மட்டும் முழுமையாகக் கறுப்பாகும், மற்றவை தெரியாது. எல்லாமே தெரிந்தால் புதர்போல் குழம்பிவிடும் அல்லவா? ஆனால் கோல்ஜி, நரம்பு இழைகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்து ஒரே வலையாக இருக்கின்றன என்றே நம்பினார்.

1887இல் மாட்ரிட் நகரில் ஒரு நண்பர் வழியாகக் கஹால் அந்தக் கறுப்பு அணுக்களைப் பார்த்தார். பிறகு அவர் வேறு வேலையே பார்க்கவில்லை எனலாம். சாயத்தை இருமுறை ஏற்றினார். வளர்ந்த விலங்குகளை விட்டுவிட்டு, இழைகளின் மேலுறை இன்னும் தோன்றாத கருக்களையும் குஞ்சுகளையும் எடுத்துக்கொண்டார். அங்கே ஒவ்வோர் இழையும் எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. அவை அடுத்த அணுவை நெருங்கி நின்றன, அதோடு கலக்கவில்லை. 1888இல் தம் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்விதழ் தொடங்கி, 60 பிரதிகள் அச்சிட்டார்.

ஸ்பானிய மொழியில் எழுதியதை வெளிநாட்டில் யார் படிப்பது? 1889இல் தம் கண்ணாடித் தகடுகளோடு பெர்லின் மாநாட்டுக்குப் புறப்பட்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. தடுமாறும் பிரெஞ்சு மொழியில், வந்தவர்களை நுண்ணோக்கி வழியாகப் பார்க்க வைத்தார். முதுபெரும் அறிஞர் கோலிகருக்கு அப்போது 72 வயது. அவரும் பார்த்தார், நம்பினார். கஹாலின் கட்டுரைகளைப் படிக்க அந்த வயதில் அவர் ஸ்பானிய மொழி கற்றதாகச் சொல்வார்கள்.

1906இல் மருத்துவ நோபல் பரிசு கஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. பரிசு மேடையில்கூடக் கோல்ஜி தம் வலைக் கொள்கையை விடவில்லை. தம்முடன் பரிசு பெற்றவரின் கருத்தைத் தம் உரையிலேயே மறுத்தார். கஹால் 1934 அக்டோபர் 17 அன்று மாட்ரிட்டில் காலமானார். 1950களில் மின்னணு நுண்ணோக்கி வழியாகப் பார்த்த பிறகே அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் காண அவர் இல்லை.

அத்தோடு கோல்ஜி முற்றிலும் தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். இடைவெளியைத் தாண்டி அணுக்கள் பேசிக்கொள்ள இரசாயனம் மட்டுமே வழியல்ல. சில அணுக்களுக்கிடையே நேரடிக் குழாய்கள் இருப்பது 1950களின் இறுதியிலிருந்து தெரியவந்தது. கனெக்சின் என்ற புரதம் ஆறு சேர்ந்து ஓர் அரைக் குழாய் ஆகும். அது ஓர் அணுவின் சவ்வில் அமரும். பக்கத்து அணுவின் அரைக் குழாயோடு அது பொருந்தினால் முழுக் குழாய். அதன் வழியே உப்பு அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் செல்லும், பெரிய புரதங்கள் செல்லா. இதயத் தசை அணுக்கள் ஒரே தாளத்தில் துடிப்பது இத்தகைய குழாய்களால்தான். என்றாலும் ஒவ்வோர் அணுவுக்கும் தனிச் சவ்வு உண்டு. ஆக, அடிப்படையில் கஹால் சொன்னதே நிற்கிறது.

துணை சேராத அரைக் குழாய் வெளியே பார்த்த கதவுபோல. பெரும்பாலும் அது மூடியே இருக்கும். இரத்த ஓட்டம் தடைபட்டாலோ வீக்கம் கண்டாலோ அது அளவுக்கு மீறித் திறக்கலாம். அப்போது அணுவின் எரிசக்தியான ஏடிபி வெளியே கசியும், கால்சியம் உள்ளே நுழையும், அணு நலியும். கனெக்சின் 26 என்ற வகையை உருவாக்கும் மரபணுவின் குறை, பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதே மரபணுவில் ஏற்படும் வேறு சில மாற்றங்களால் அரைக் குழாய் ஒழுகும் கதவாகி, காதோடு தோலும் கண்ணும் பாதிக்கப்படுகின்றன. முழுக் குழாயை விட்டுவிட்டு, ஒழுகும் அரைக் குழாயை மட்டும் அடைக்கும் மருந்தை ஆய்வாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.