துருநோய்க்கு எதிராக ஒரு வாழ்வு: கோதுமை விஞ்ஞானி பி.பி. பால்

புதுதில்லி: பசுமைப் புரட்சி என்றதும் நார்மன் போர்லாக், எம்.எஸ். சுவாமிநாதன், சி. சுப்பிரமணியம் ஆகியோரின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமை இந்தியாவுக்கு வந்தபோது, அதைச் சோதித்து, நம் மண்ணுக்கு ஏற்றவாறு மாற்றக்கூடிய விஞ்ஞானிகளும் நிறுவனமும் இங்கே தயாராக இருந்தனர். அந்தத் தயார்நிலைக்குப் பின்னால் இருந்தவர் பெஞ்சமின் பியரி பால்.

பஞ்சாபின் முகந்த்பூரில் 1906 மே 26-ல் பிறந்தவர் பால். தந்தை பர்மாவில் மருத்துவராகப் பணியாற்றியதால் பள்ளிப் படிப்பும் பட்டப் படிப்பும் அங்கேயே முடிந்தன. ரங்கூன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்ற அவர், பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோதுமைக் கலப்பினங்களின் வீரியம் குறித்து ஆய்வு செய்து 1933-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பிகார் மாநிலம் பூசாவில் இருந்த இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

சில மாதங்களிலேயே, 1934 ஜனவரியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் அந்த நிறுவனத்தின் கட்டடம் இடிந்தது. நிறுவனம் 1936-ல் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊர் மாறினாலும் பெயர் மாறவில்லை. தில்லியில் அந்த வளாகம் இன்றும் பூசா என்றே அழைக்கப்படுகிறது.

மலையிலிருந்து வந்த நோய்

கோதுமை விவசாயியின் பெரும் அச்சம் அந்நாளில் துருநோய். கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு என்று அது மூன்று வகைப்படும். நுண்ணிய பூஞ்சையால் உண்டாகும் இந்நோய் காற்றில் பரவி, அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கையில் கதிர் முற்றவிடாமல் பயிரைச் சாய்த்துவிடும். 1946-47-ல் மத்திய இந்தியாவில் கருந்துரு பெரும் சேதம் விளைவித்தது. தானியத் தட்டுப்பாட்டில் தவித்த நாட்டுக்கு அது தாங்கமுடியாத இழப்பு.

சமவெளியின் கோடை வெப்பத்தில் துருப்பூஞ்சை உயிர் பிழைக்காது; ஆண்டுதோறும் மலைகளிலிருந்தே அது சமவெளிக்கு இறங்கி வருகிறது என்பதை ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா நீண்ட ஆய்வில் கண்டறிந்திருந்தார். வடக்கே இமயமலையும் தெற்கே நீலகிரி, பழனி மலைகளும் அதன் புகலிடங்கள். கோதுமை அதிகம் விளையாத தமிழக மலைகளுக்கும் மத்திய இந்திய விவசாயியின் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு வெளிப்பட்டது. பின்னாளில் நீலகிரியின் வெலிங்டனில் பூசா நிறுவனம் ஓர் ஆய்வு நிலையத்தை நடத்தியது. சமவெளியில் கோதுமை பயிரிட இயலாத கோடையிலும் அங்கு பயிரிடலாம். நோயின் நடுவே வளர்த்து, தாங்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்கவும், ஓராண்டில் இரு தலைமுறைகளை வளர்த்தெடுக்கவும் அது உதவியது.

மூன்று துருக்களையும் எதிர்க்கும் ஆற்றல் ஒரே செடியில் கிடைப்பது அரிது. ஒன்றைத் தாங்குவது மற்றொன்றுக்குப் பலியாகும். எனவே வெவ்வேறு ரகங்களில் சிதறிக் கிடந்த எதிர்ப்பாற்றலைத் தொடர் கலப்பின் மூலம் ஒன்று சேர்க்க முனைந்தார் பால். இதற்கான மரபணுக்களை உலகெங்கும் தேடித் திரட்ட வேண்டும் என்று 1937-லேயே அவர் எழுதினார். சுமார் இருபது ஆண்டு உழைப்பின் பயனாக, மூன்று துருக்களையும் எதிர்க்கும் என்.பி. 809 ரகம் 1954-ல் வெளிவந்தது.

நிறுவனத்தை வளர்த்தவர்

1941-ல் இந்திய மரபியல் மற்றும் பயிர்ப் பெருக்கச் சங்கத்தைத் தொடங்கி, அதன் ஆய்விதழைக் கால் நூற்றாண்டு காலம் பதிப்பித்தார். 1950-ல் பூசா நிறுவனத்தின் இயக்குநரானார். 1958-ல் அங்கு முதுநிலைப் பட்டப் படிப்புப் பள்ளி உருவானது. வேளாண் ஆராய்ச்சிக்குத் தேவையான ஆட்களை வெளிநாட்டில் தேடாமல் இங்கேயே உருவாக்க அது வழிவகுத்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அந்நிறுவனத்தில் 1954-ல் பணியில் சேர்ந்ததும், போர்லாக் 1963-ல் இந்தியாவுக்கு வந்து கோதுமை வயல்களைப் பார்வையிட்டதும் பால் இயக்குநராக இருந்தபோதுதான்.

என்.பி. வரிசை ரகங்கள் நோயைத் தாங்கின. ஆனால் அவை உயரமானவை. உரமும் நீரும் கூடினால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்தன. அந்தக் குறையைத் தீர்க்கும் வழி குட்டை ரகங்களில் இருந்தது.

அப்போது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைப் பதவி ஆட்சிப் பணி அதிகாரிகள் வசம் இருந்தது. ஆய்வு நிலையங்கள் பல துறைகளிடமும் பயிர்க் குழுக்களிடமும் சிதறிக் கிடந்தன. மத்திய உணவு அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் அந்த வழக்கத்தை மாற்றினார். 1965-ல் விஞ்ஞானி ஒருவர் முதன்முறையாகக் கவுன்சிலின் தலைமை இயக்குநராக நியமிக்கப்பட்டார். அவர் பால். சிதறிக் கிடந்த நிறுவனங்கள் கவுன்சிலின் கீழ் கொண்டுவரப்பட்டன. மாநிலங்கள் அனைத்திலும் ஒரே நேரத்தில் ரகங்களைச் சோதிக்கும் ஒருங்கிணைந்த கோதுமைத் திட்டம் வலுப்பெற்றது. 1966-ல் 18 ஆயிரம் டன் மெக்சிகோ விதை இறக்குமதியானது. 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி, 1967-68-ல் சுமார் 1.65 கோடி டன்னாக உயர்ந்தது.

முடியாத போர்

1972-ல் ஓய்வு பெற்ற அவர், அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1987-ல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. திருமணம் செய்துகொள்ளாத பாலின் மற்றொரு காதல் ரோஜா. தில்லி பிரின்சஸ் உள்ளிட்ட பல ரோஜா ரகங்களை அவர் உருவாக்கினார். 1989 செப்டம்பர் 14-ல் காலமானார்.

அவரது வாழ்நாளிலேயே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. பசுமைப் புரட்சியின் புகழ்பெற்ற கல்யாண் சோனா ரகம், வட இந்தியா முழுவதும் பரவிய சில ஆண்டுகளிலேயே, 1970-களின் தொடக்கத்தில் பழுப்புத் துருவுக்கு இரையாகத் தொடங்கியது. ஒரே ரகத்தைப் பெரும் பரப்பில் பயிரிட்டால், அதை வெல்லும் புதிய பூஞ்சை இனம் உருவாவது காலத்தின் பிரச்சினை மட்டுமே.

அதற்குப் பின் 1990-களின் இறுதியில் உகாண்டாவில் தோன்றிய புதிய கருந்துரு இனம் உலகையே கவலையில் ஆழ்த்தியது. 2016-ல் வங்கதேசத்தில் கோதுமைக் குலைநோய் பரவியது. 2022 மார்ச்சில் வீசிய வெப்ப அலையால் கோதுமை மணிகள் சுருங்கின. மே மாதத்தில் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. நோயோ வெப்பமோ, எதிரி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு ரகம் பத்தாண்டு தாங்கினாலே பெரிது. ரகங்கள் மறையலாம், அடுத்த ரகத்தை உருவாக்கும் பொது ஆய்வு நிறுவனங்கள் நலிவடைந்தால், அதன் விலையை ரேஷன் கடையில் கோதுமைக்காக நிற்பவர்களே கொடுக்க நேரிடும். என்.பி. 809 இன்று வயல்களில் இல்லை. பால் வளர்த்தெடுத்த நிறுவனம் இருக்கிறது. அதற்கு நிதியும் ஆட்களும் சுதந்திரமும் தொடர்ந்து கிடைக்கின்றனவா என்பதே அரசுகள் முன் உள்ள கேள்வி.