போர்முனைக்கு ஏங்கிய மேஜர்

1918-ம் ஆண்டு நவம்பர் மாதம். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் ஒரு ராணுவ முகாம் இருந்தது. அதன் தலைவருக்கு வயது 28. பிரான்சில் உள்ள போர்முனைக்குப் புறப்படும்படி அவருக்கு உத்தரவு வந்திருந்தது. 18-ந் தேதி கப்பல். ஒன்றரை வருடமாக அவர் கேட்டுக் கேட்டுப் பெற்ற உத்தரவு அது.

11-ந் தேதியே யுத்தம் முடிந்துவிட்டது.

உலகமே கொண்டாடியது. அந்த இளைஞருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. யுத்தம் நின்றதற்கு ஒருவர் வருத்தப்படலாமா என்று தோன்றும். ஆனால் பட்டாளத்து உத்தியோகம் அப்படி. போர்க்களத்தைப் பார்த்தவருக்கு மார்பில் பதக்கம் உண்டு; பேச்சில் மதிப்பு உண்டு. பார்க்காதவர் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த இளைஞர்தான் டுவைட் ஐசன்ஹோவர். இரண்டாவது உலக யுத்தத்தில் ஐரோப்பாவில் நேசநாட்டுப் படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதியாக இருந்தவர். பிறகு எட்டு வருடம் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். 1959-ம் ஆண்டு டிசம்பரில் டில்லிக்கு வந்தவரும் இவரே.

பால் பண்ணைக் கூலி

ஐசன்ஹோவர் 1890-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி டெக்சாஸ் மாகாணத்தில் பிறந்தார். வளர்ந்தது கான்சாஸ் மாகாணத்தில் அபிலீன் என்ற சிறு ஊர். தகப்பனார் டேவிட் ஒரு வெண்ணெய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டில் ஆறு பையன்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, கல்லூரிக்குப் பணம் இல்லை.

அண்ணன் எட்கரும் தம்பி டுவைட்டும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் படிப்பது, மற்றவர் சம்பாதித்து அனுப்புவது; அடுத்த வருடம் மாற்றிக்கொள்வது. முதலில் அண்ணன் படிக்கப் போனார். தகப்பனார் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் ஐஸ் கட்டி தூக்கியும், இரவில் கொதிகலனைக் கவனித்தும் தம்பி பணம் அனுப்பினார்.

அப்போது ஒரு சிநேகிதர் யோசனை சொன்னார். கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தால் சம்பளம் கட்டாமலே படிக்கலாம் என்றார். ஐசன்ஹோவருக்கு அதற்கு வயது தாண்டிவிட்டது. தரைப்படைக்கு அதிகாரிகளைத் தயாரிக்கும் வெஸ்ட் பாயின்ட் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கும் செலவு இல்லை. 1911-ல் சேர்ந்தார்.

தாயார் ஐடாவுக்கு யுத்தம் என்றாலே பாவம். ஆனாலும் மகனைத் தடுக்கவில்லை. வாசலில் நின்று வழியனுப்பினார். பிறகு தன் அறைக்குப் போய் அழுதார். தாயார் அழுது அதற்குமுன் கேட்டதே இல்லை என்று கடைசித் தம்பி மில்ட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கல்லூரியில் ஐசன்ஹோவர் பெரிய படிப்பாளி அல்ல. 1915-ல் தேறியபோது 164 பேரில் 61-வது இடம். நடத்தைக்குக் கொடுத்த மார்க்கில் 125-வது! பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் மட்டும் கெட்டிக்காரர். அதிலும் முழங்காலில் அடிபட்டு ஆட்டம் போயிற்று.

கேட்டதற்குக் கண்டனம்

1916 ஜூலை 1-ந் தேதி மேமி என்ற பெண்ணை மணந்தார். அடுத்த வருடம் அமெரிக்கா யுத்தத்தில் குதித்தது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். ஐசன்ஹோவருக்குக் கிடைத்ததோ புதிய சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. தன்னையும் அனுப்பும்படி திரும்பத் திரும்ப எழுதினார். அப்படி எழுதியதற்கே மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது.

கடைசியில் கெட்டிஸ்பர்க்கில் டாங்கிப் படைக்கு ஆள் பழக்கும் பொறுப்பு வந்தது. ஆரம்பத்தில் முகாமில் ஒரு டாங்கி கூட இல்லை. இருந்தும் பத்தாயிரம் பேரைப் பழக்கினார். அதனால்தான் மேலதிகாரிகள் அவரை விடவில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுப்பவரைக் களத்துக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்?

யுத்தம் முடிந்ததும் படை சுருங்கியது. லெப்டினென்ட் கர்னலாக இருந்தவர் மறுபடியும் காப்டன் ஆனார். 1920-ல் மேஜர் பதவி கிடைத்தது. அந்த மேஜர் பதவியிலேயே 16 வருடம் இருக்கப்போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. முதல் மகனுக்கு மூன்று வயது. செல்லமாக இக்கி என்று அழைப்பார்கள். முகாமில் இருந்த சிப்பாய்களுக்கெல்லாம் அவன் செல்லப்பிள்ளை. வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணை வைத்தார்கள். அவள் சற்று முன்புதான் செங்காய்ச்சலிலிருந்து எழுந்தவள். அது பெற்றோருக்குத் தெரியாது. நோய் குழந்தையைத் தொற்றியது. தொற்று நோய் என்பதால் தகப்பனாரை அறைக்குள் விடவில்லை. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 1921 ஜனவரி 2-ந் தேதி குழந்தை இறந்தது. தன் வாழ்க்கையில் அதைப்போல் ஒரு துயரம் இல்லை என்று வயதான காலத்திலும் எழுதினார்.

காட்டில் ஒரு குரு

இந்த நிலையில்தான் ஃபாக்ஸ் கானர் என்ற பிரிகேடியர் ஜெனரல் அவரைத் தன்னிடம் வரவழைத்தார். சிநேகிதர் ஜார்ஜ் பேட்டன் வீட்டு விருந்தில் அறிமுகமானவர். யுத்தத்தின்போது பிரான்சில் அமெரிக்கப் படையின் போர்த் திட்டங்களை வகுத்தவர். இப்போது பனாமா கால்வாயைக் காக்கும் ஒரு படைக்குத் தலைவர்.

1922 ஜனவரியில் ஐசன்ஹோவரும் மேமியும் பனாமா போய்ச் சேர்ந்தார்கள். சுற்றிலும் காடு. இடிந்த பழைய வீடு. கூரையில் வௌவால். மேமிக்கு வௌவாலைக் கண்டாலே நடுக்கம். கணவர் உடைவாளை உருவிக்கொண்டு அதைத் துரத்தியது அந்தக் குடும்பத்தில் வெகுநாள் சிரிப்புக் கதை.

கானர் வீட்டில் பெரிய புத்தக அலமாரி இருந்தது. ராணுவ சரித்திரம் என்றாலே ஐசன்ஹோவருக்கு வேப்பங்காய். கல்லூரியில் தேதிகளை உருப்போட்ட கசப்பு அது. கானர் அவசரப்படவில்லை. முதலில் சில சரித்திர நாவல்களைக் கொடுத்தார். படித்துவிட்டு வந்தவரிடம், அந்தக் காலத்து உண்மையான போரைப் பற்றி அறிய ஆசையில்லையா என்று கேட்டார். அப்படி ஒவ்வொரு புத்தகமாகப் பழக்கினார். ஜெர்மானியர் கிளாஸ்விட்ஸ் யுத்தக் கலை பற்றி எழுதிய கடினமான நூலை மூன்று தடவை படிக்க வைத்தார்.

படித்தால் போதாது. இருவரும் குதிரையில் காட்டுக்குள் போவார்கள். இரவில் நெருப்பு மூட்டி உட்காருவார்கள். அந்தத் தளபதி ஏன் அந்த முடிவு செய்தார்? அவருக்கு அப்போது என்ன தெரியும்? வேறு விதமாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்படிக் கேள்வி மேல் கேள்வி. தினசரி வேலைக்கான உத்தரவைக்கூட யுத்தகால உத்தரவு போலவே எழுதவேண்டும் என்பது கானரின் கட்டளை. இன்னொரு பெரிய யுத்தம் வரும், அதில் பல நாட்டுப் படைகள் சேர்ந்து போரிட நேரும், அவற்றை ஒரு தலைமையின்கீழ் கொண்டுவருவதுதான் பெரிய கஷ்டம் என்று அவர் அடிக்கடி சொல்லுவார்.

போர்முனைக்குத் தப்பிய மாணவருக்குக் காட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. ஏறக்குறைய மூன்று வருடம்!

படிப்பா, பட்டாளமா?

1924-ல் தாய்நாடு திரும்பினார். முதலில் கால்பந்துக் குழுவைப் பழக்கச் சொன்னார்கள். பிறகு பழைய டாங்கிப் பட்டாளத்துக்கே தலைமை தாங்க உத்தரவு வந்தது. ஆறு வருடம் முன்பு கிடைத்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இப்போது அவர் மனம் படிப்பில் இருந்தது.

லெவன்வொர்த் என்ற ஊரில் ராணுவ மேல்படிப்புப் பள்ளி இருந்தது. பெரிய படைகளை நடத்தும் வித்தை அங்கேதான். அங்கே தேறியவருக்கே பெரிய பதவிக்கு வழி. ஆனால் காலாட்படைத் தலைவர் அவரை அனுப்ப மறுத்துவிட்டார். அதற்கு முந்திய காலாட்படைப் பள்ளிக்கூடப் படிப்பையே ஐசன்ஹோவர் முடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கானரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. என்ன உத்தரவு வந்தாலும் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொள்ளச் சொன்னது. அடுத்தாற்போல் வந்த உத்தரவைப் பார்த்தால் கொலராடோ மாகாணத்தில் ஆள் சேர்க்கும் வேலை! ஓர் அதிகாரிக்கு அதைவிடக் கேவலம் கிடையாது என்று பெயர். ஐசன்ஹோவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். பிறகுதான் சூட்சுமம் விளங்கியது. ஆள் சேர்ப்பு வேறு இலாகா. அந்த இலாகாவுக்கு லெவன்வொர்த்தில் தனி இடம் உண்டு. அதில் ஒன்றைக் கானர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இடம் கிடைத்ததும் பயம் பிடித்தது. முன்படிப்பு இல்லாமல் போனால் தோற்றுப் போவீர் என்று காலாட்படைத் தலைமை அலுவலகத்திலிருந்தே ஒருவர் எழுதினார். கானரைக் கேட்டார். பனாமாவில் படித்ததைவிடப் பெரிய முன்படிப்பு கிடையாது என்று பதில் வந்தது. முன்பே அங்கே படித்துத் தேறிய பேட்டன் தன் குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்.

1925 ஆகஸ்டில் சேர்ந்தார். மொத்தம் 245 பேர். எல்லோரும் வயது வந்த அதிகாரிகள். போட்டி கடுமை. நள்ளிரவு தாண்டியும் கண்விழித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். ஐசன்ஹோவர் இரவு 7 மணிக்குப் புத்தகத்தை எடுப்பார். 9½ மணிக்கு மூடிவிடுவார். பழைய சிநேகிதர் லியோனார்டு ஜெரோ கூடச் சேர்ந்து படித்தார். மேல்மாடியில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் வரைபடம். குழந்தைகள் அங்கே ஏறக்கூடாது.

1926 ஜூனில் முடிவு வந்தது. 245 பேரில் ஐசன்ஹோவர் முதல்!

வெஸ்ட் பாயின்டில் 61-வதாக வந்தவர் அவர். இடையில் மூளை புதிதாக முளைத்துவிடவில்லை. படிப்பதற்குக் காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மறுபடியும் மேஜை

இனிமேல் பட்டாளம் கிடைக்கும் என்று நினைத்தார். சில மாதங்கள் ஒரு பிரிவைக் கவனித்தார். அதற்குள் வேறு வேலை. பிரான்சில் அமெரிக்கர் போரிட்ட இடங்களைப் பற்றி ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதச் சொன்னார்கள். பிறகு வாஷிங்டனில் ராணுவத்தின் மிக உயர்ந்த கல்லூரியில் ஒரு வருடம். 1928-ல் தேறியதும் இரண்டு வேலைகள் முன்னே நின்றன. ஒன்று வாஷிங்டனில் படைத் தலைமையகம். மற்றொன்று பாரிஸ் போய் அதே புத்தகத்தைத் திருத்துவது. இவருக்குத் தலைமையகம் ஆசை. மேமிக்குப் பாரிஸ் ஆசை. மேமி ஜெயித்தார். அதனால் நஷ்டமில்லை. முதல் யுத்தத்தில் காணக் கிடைக்காத களங்களையெல்லாம் ஐசன்ஹோவர் சுற்றிப் பார்த்தார். பின்னாளில் அவருடைய படைகள் அந்த வழியாகத்தான் ஜெர்மனிக்குள் நுழைந்தன.

பிறகு பல வருடம் தளபதி மக்கார்தருக்கு உதவியாளர். வாஷிங்டனிலும் பிலிப்பைன்சிலும் ஓயாத எழுத்து வேலை. பட்டாளத்துக்கு அனுப்பக் கேட்டார். மக்கார்தர் விடவில்லை.

1940-ல்தான் ஆசை நிறைவேறியது. மேற்குக் கரையில் லூயிஸ் கோட்டையில் ஒரு காலாட்படைப் பிரிவுக்குத் தலைமை. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. சிப்பாய்களோடு காட்டில் படுத்தார், புழுதியில் நடந்தார். மனம் நிறைந்திருந்தது.

அந்த வருடம் நவம்பரில் ஒரு தந்தி. அனுப்பியவர் லெவன்வொர்த் மாடி அறைத் தோழர் ஜெரோ. அவர் அப்போது வாஷிங்டனில் யுத்தத் திட்ட இலாகாவுக்குத் தலைவர். அங்கே வந்து வேலை பார்க்கச் சம்மதமா என்று கேட்டிருந்தார். ஐசன்ஹோவருக்குக் கவலையில் அக்கி கண்டுவிட்டது! நீண்ட கடிதம் எழுதினார். போனால் மறுபடியும் மேஜைதான், பட்டாளத்தை விட்டுப் பிரிய மனமில்லை, ஆனால் உத்தரவிட்டால் வருகிறேன் என்பது அதன் சாரம். ஜெரோ புரிந்துகொண்டு விட்டுவிட்டார்.

தப்பியது ஒரு வருடம்தான். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினார்கள். ஐந்தாம் நாள் வாஷிங்டனிலிருந்து டெலிபோன். 14-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை படைத் தலைவர் மார்ஷல் முன் போய் நின்றார். பசிபிக் சமுத்திர நிலைமையைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று மார்ஷல் கேட்டார். சில மணி நேரம் அவகாசம் கேட்டுப் பெற்றார் ஐசன்ஹோவர். பிலிப்பைன்சைக் காப்பாற்றுவது கஷ்டம், ஆனாலும் முயல வேண்டும், ஆஸ்திரேலியாவைத் தளமாக்க வேண்டும் என்று பதில் கொண்டுவந்தார். மார்ஷல் நினைத்ததும் அதுவே.

பதவி உயர்வெல்லாம் களத்தில் இருப்பவர்களுக்கே, மேஜைக்காரர்களுக்கு இல்லை என்று மார்ஷல் ஒருநாள் சொன்னார். அதற்காக இங்கே வரவில்லை என்று ஐசன்ஹோவர் கோபமாகவே பதில் சொன்னார். 1942 மார்ச்சில் மார்ஷலே அவரை மேஜர் ஜெனரல் ஆக்கினார். அதே மார்ச்சில் தகப்பனார் இறந்தார். சவ அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அறைக்கதவை அரை மணி நேரம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாடி அறைத் தோழர்

ஜூன் மாதம் அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு வட ஆப்பிரிக்கா, சிசிலி, இத்தாலி. 1943 டிசம்பரில் பிரான்சின் மேல் படையெடுக்கத் தலைமைத் தளபதி. அந்தப் பதவி மார்ஷலுக்கே போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கும் ஆசை உண்டு. வாய்விட்டுக் கேட்கவில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை வாஷிங்டனிலேயே வைத்துக்கொண்டார்.

சண்டையில் ஒரு சிறு படையைக்கூட நடத்தாதவர் என்று ஐசன்ஹோவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆங்கிலத் தளபதி மான்ட்கோமரி அவர்களில் ஒருவர். அது பொய்யல்ல. ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளின் தளபதிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்து வேலை வாங்குவது, பனாமாக் காட்டில் கானர் சொல்லிக்கொடுத்த பாடம்.

1944 ஜூன் 5-ந் தேதி இறங்குவதாக ஏற்பாடு. புயல் வந்தது, ஒரு நாள் தள்ளினார். மறுநாள் சற்று ஓயும் என்று வானிலை நிபுணர் சொன்னார். நம்பிப் புறப்பட உத்தரவிட்டார். தோற்றால் பழி முழுவதும் தன்னுடையதே என்று ஒரு சீட்டு எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். மன உளைச்சலில் ஜூன் என்பதற்குப் பதில் ஜூலை என்று தேதி போட்டிருந்தார்.

6-ந் தேதி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நார்மண்டியில் இறங்கினார்கள். மிகக் கொடிய சண்டை ஒமாகா கடற்கரையில். அங்கே இறங்கிய படைக்குத் தலைவர் ஜெரோ! சில வாரம் கழித்துப் பேட்டனும் தன் படையோடு வந்து சேர்ந்தார்.

அதே ஜூன் 6-ந் தேதி, வெஸ்ட் பாயின்ட் கல்லூரியில் பட்டமளிப்பு. இரண்டாவது மகன் ஜான் தேறினார். மேமி மட்டும் போயிருந்தார்.

ஐசன்ஹோவர் 1969 மார்ச் 28-ந் தேதி காலமானார். சாதாரண சிப்பாய்க்குக் கொடுக்கும் 80 டாலர் பெட்டியில் அவரை வைத்தார்கள். அபிலீனில், சிறு வயது வீட்டுக்குப் பக்கத்தில் அடக்கம் நடந்தது. இக்கியின் உடலை மூன்று வருடம் முன்பே அங்கே கொண்டுவந்திருந்தார்கள். மகனுக்குப் பக்கத்தில் தகப்பனாருக்கு இடம்.