காளான் வரைந்த கரங்கள்

எமது பாடசாலையில் சிறு வகுப்பில் ஆங்கிலம் படித்தவர்களுள் பலர் பீற்றர் என்ற முயலை அறிவர். நீல மேற்சட்டை அணிந்த அந்த முயலைப் படைத்த பியற்றிக்ஸ் பொற்றர் அம்மையார், ஒரு காலத்தில் விஞ்ஞான ஆய்வில் ஈடுபட்டிருந்தவர் என்பதை நாம் பின்னாளிலேயே அறிந்தோம்.

அவர் 1866 இல் இலண்டனில் வசதியான குடும்பமொன்றில் பிறந்தார். தம்பி விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். அக்காவோ வீட்டாசிரியைகளிடமே கற்றார். காட்டுக் காளான்களைத் தேடி எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, நூற்றுக்கணக்கான வர்ண ஓவியங்களாக வரைந்தார். காளான் வித்திகளை முளைக்கச் செய்து, அவற்றின் வளர்ச்சியைக் குறித்துவைத்தார். இரசாயனவியல் அறிஞரான உறவினர் சேர் ஹென்றி ரொஸ்கோ அவரைக் கியூ தாவரவியற் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த பணிப்பாளர் அவருடைய ஆய்வைப் பொருட்படுத்தவில்லை. 1897 ஏப்ரலில் அவருடைய கட்டுரை லினியன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. அக்கூட்டத்திற் பெண்களுக்கு இடமில்லாதபடியால், எழுதியவர் அங்கே இருக்கவில்லை. கட்டுரை பின்னர் மீளப் பெறப்பட்டது, அச்சேறவில்லை.

நாலு வருடங்களுக்கு முன், தம் முன்னாள் ஆசிரியையின் நோயுற்ற மகனுக்குப் படங்களுடன் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதையே கதையாக்கிப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். அவை திருப்பி அனுப்பின. 1901 இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டு வோர்ன் நிறுவனம் அதை வெளியிட்டது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த நோர்மன் வோர்னை மணக்க, பெற்றோரின் விருப்பத்தை மீறி, 1905 இல் இசைந்தார். ஒரு மாதத்துள் நோர்மன் இறந்துபோனார்.

அவ்வருடமே, புத்தக வருமானத்தோடு உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணத்தையும் சேர்த்து, வட இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் ஹில் ரொப் பண்ணையை வாங்கினார். 1913 இல், 47 வயதில், சட்டத்தரணி வில்லியம் ஹீலிஸை மணந்தார். மலைநாட்டு ஹேட்விக் செம்மறிகளை வளர்த்துப் பரிசுகள் பெற்றார். அவ்வின ஆடு வளர்ப்போர் சங்கம் 1943 இல் அவரைத் தலைவராகத் தெரிவுசெய்தது. பதவி ஏற்குமுன்பே டிசம்பரில் காலமானார். நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நஷனல் ட்ரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். அவருடைய காளான் ஓவியங்கள் 1967 இல் ஒரு காளானியல் நூலில் இடம்பெற்றன. 1997 இல் லினியன் சங்கம் தன் பழைய தவற்றை ஒப்புக்கொண்டது.

கதவு மூடப்பட்டது நல்லதற்கே என்று நாம் சொல்லமாட்டோம். அது அநீதி, விஞ்ஞானத்துக்கும் நட்டம். ஆனால் காளானிற் பழகிய பொறுமையான கண்தான் முயலையும் வரைந்தது, ஆட்டையும் தெரிந்தெடுத்தது. கற்றது எதுவும் அவரைவிட்டுப் போகவில்லை.

இந்த நூறாண்டில் எம்மிற் சிலர் பேராசிரியைகளாகவும் வைத்தியர்களாகவும் ஆகினர். வெட்டுப்புள்ளியில் ஓரிரு புள்ளிகளால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவர்களும், இடம் கிடைத்தும் வீட்டுச் சூழ்நிலையாற் போக முடியாதவர்களும் எம்மிடையே உள்ளனர். மலரில் படம் வருவதற்குத் தமக்கென்ன தகுதி என்று கூச்சப்பட்டு ஒதுங்கிய அக்காமாருக்கும் தங்கைமாருக்குமே இக்கட்டுரையை எழுதினோம். உங்கள் படமும் இம்மலருக்கு உரியதே.