தம் வாழ்வுக்குத் தாமே தலைவர்: எட் ராபர்ட்ஸ்

பிறர் துணையின்றி வாழ்வதே தற்சார்பு என்று நாம் பொதுவாகக் கருதி வருகிறோம். உண்ணவும் உடுக்கவும் நடக்கவும் பிறர் கையை எதிர்பார்ப்பவர் சார்ந்து வாழ்பவர். அவருக்காகப் பிறரே முடிவெடுக்க வேண்டும் என்பது உலக வழக்காகிவிட்ட எண்ணம். இவ்வெண்ணத்தைத் தம் வாழ்க்கையாலேயே மாற்றிக் காட்டியவர் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த எட் ராபர்ட்ஸ். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல்களையும் சில கால்விரல்களையும் தவிர வேறெதையும் அசைக்க இயலாத நிலையிலும், அவர் ஒரு மாநில அரசுத் துறையின் தலைவராகவும் நாடு கடந்து பரவிய ஓர் இயக்கத்தின் தந்தையாகவும் விளங்கினார். சொல்லையும் சுதந்திரத்தையும் ஒருங்கே போற்றும் நம் வட்டத்து அன்பர்கள் அறிய வேண்டிய வரலாறு அது.

நோயும் முதல் முடிவும்

ராபர்ட்ஸ் 1939ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் சான் மேட்டியோவில் பிறந்தார். விளையாட்டில் பெருவிருப்பம் கொண்ட சிறுவனாக வளர்ந்தவரை 1953இல், 14ஆம் வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கியது. சால்க் கண்டறிந்த தடுப்பு மருந்து மக்களுக்குக் கிடைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. தாமாக மூச்சுவிட இயலாத அவரை இரும்பு நுரையீரல் என்னும் பெருங்கலத்துள் கிடத்தினர். பிள்ளை பிழைத்தாலும் செடிகொடியைப் போன்ற வாழ்வே எஞ்சும் என்னும் பொருள்பட மருத்துவர் தாய் சோனாவிடம் உரைத்தார். பிற்காலத்தில் ராபர்ட்ஸ் இதை நகைச்சுவையாக மாற்றிக்கொண்டார். செடியாகத்தான் இருக்க வேண்டுமெனில், வெளியே முள்ளும் உள்ளே மென்மையும் கொண்ட செடியாக இருப்பதே தமக்கு விருப்பம் என்று கூறுவது அவர் வழக்கம்.

ஆனால் அந்நாளில் அவருக்கு வாழ விருப்பமில்லை. கையால் தம்மை மாய்த்துக்கொள்ள வழியற்றவர் உணவை மறுத்தார். செவிலியர் வற்புறுத்தி ஊட்டிய வரை அம்மறுப்பு நீடித்தது. அவருக்கென அமர்த்தப்பட்டிருந்த செவிலியர் விலகிச் சென்ற பிறகு, உண்பதா வேண்டாவா என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டிய நிலை வந்தது. அவர் உண்ணத் தொடங்கினார். முடிவு தம்மிடம் வந்து சேர்ந்தபோதுதான் வாழ்வு தமக்கு உரியதாயிற்று என்பதை அவர் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

வீடு திரும்பியபின் தொலைபேசி வழியாகப் பாடங்களைக் கேட்டார். தாயார் அதனோடு அமைதி கொள்ளாமல் அவரைப் பள்ளிக்கு நேரில் செல்ல வைத்தார். அனைவரும் உற்றுப் பார்ப்பர் என்று அஞ்சிச் சென்ற மாணவர், அப்பார்வையைத் தாங்கப் பழகினார். உடற்பயிற்சியும் வாகனம் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று பள்ளி அவருக்குச் சான்றிதழை மறுக்க முற்பட்டது. தாயும் மகனும் போராடி அதனைப் பெற்றனர்.

பெர்க்கிலியில் ஒரு புதுமை

சான் மேட்டியோ கல்லூரியில் பயின்றபின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர விழைந்தார். மாநில மறுவாழ்வுத் துறை, இவ்வளவு கடும் ஊனமுற்றவர் ஒருநாளும் வேலைக்குச் செல்லப் போவதில்லை என்று கூறி உதவித்தொகையை மறுத்தது. செய்தி நாளிதழ்களில் வெளிவந்த பின்னரே அம்முடிவு மாறியது. 1962இல் அவர் பல்கலைக்கழகத்துள் நுழைந்தார். சுமார் 800 பவுண்டு எடையுள்ள இரும்பு நுரையீரலைத் தாங்கும் விடுதி அங்கே இல்லை. வளாகத்திலிருந்த கோவெல் மருத்துவமனையின் ஒரு பகுதியை வழங்க அதன் தலைவர் முன்வந்தபோது, ராபர்ட்ஸ் ஒரு நிபந்தனை விதித்தார். அவ்விடம் மாணவர் விடுதியாகவே கருதப்பட வேண்டும். தாம் அங்கே நோயாளி அல்லர்.

இந்நிபந்தனையின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. மருத்துவமனையில் எப்போது எழுவது, எப்போது உண்பது, யார் தொட்டுத் தூக்குவது என்பவற்றையெல்லாம் நிறுவனத்தின் மணிக்கணக்கு முடிவு செய்யும். ராபர்ட்ஸின் அறையில் அவரே முடிவு செய்தார். தொடக்கத்தில் அவருடைய தம்பி ஒருவர் உதவியாளராக இருந்தார். பின்னர் வேறு பலர் வந்தனர். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும், தம்மை எவ்வாறு தூக்க வேண்டும் எனக் கற்பிப்பதும், ஒத்துவராதவரை அனுப்பிவிடுவதும் அவர் பொறுப்பாயின. கற்றறிந்த செவிலியரை விட, கற்பிக்க ஏற்ற இளைஞரே அவருக்குப் பயன்பட்டனர்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜான் ஹெஸ்லர் முதலான மாணவர் பலர் அங்கே வந்து தங்கினர். உருளும் நாற்காலியர் என்னும் பொருள்படத் தமக்கு வேடிக்கையாகப் பெயரிட்டுக்கொண்ட இக்குழு, துறை ஆலோசகர் ஒருவர் இரு மாணவரை வெளியேற்ற முயன்றபோது ஒன்றுதிரண்டு எதிர்த்தது. மாணவர் தங்கினர்; ஆலோசகர் இடம் மாற்றப்பட்டார். இடையில் ராபர்ட்ஸ் காதல்வயப்பட்டார். நாற்காலியைத் தள்ளுவதற்கென மூன்றாமவர் ஒருவர் எப்போதும் உடனிருப்பது காதலுக்கு ஒவ்வாததாயிற்று. தம்மால் இயலாது என்று முன்பு கூறப்பட்ட மின்சக்கர நாற்காலியை இரு விரல்களால் ஓட்ட அவர் விரைவிலேயே கற்றுக்கொண்டார்.

தனிவாழ்வு மையம்

1970இல் பல்கலைக்கழகத்தில் உடல் ஊனமுற்ற மாணவர் திட்டமும், 1972இல் பெர்க்கிலி நகரில் தனிவாழ்வு மையமும் தோன்றின. உதவியாளராக விரும்புவோர் பட்டியல், நாற்காலி பழுது பார்த்தல், ஏற்ற வீடு தேடித் தருதல், அரசு உதவி பெற வழிகாட்டல் ஆகியவை அவற்றின் பணிகள். அவற்றை நடத்தியவர்களும் மாற்றுத்திறனாளிகளே. சில ஆண்டுகளில் ராபர்ட்ஸ் அம்மையத்தின் பொறுப்பை ஏற்றார். கலிபோர்னியா மாநிலம் 1973இல் தொடங்கிய இல்லத் துணைப்பணித் திட்டத்தில், உதவி பெறுபவரே உதவியாளரை அமர்த்தவும் நீக்கவும் வழிநடத்தவும் உரிமை பெற்றார். ஊதியத்தை அரசு வழங்கியது.

1970களின் நடுவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், ராபர்ட்ஸை மாநில மறுவாழ்வுத் துறையின் தலைவராக்கினார். வேலைக்குத் தகுதியற்றவர் என்று அவரை ஒதுக்கிய அதே துறை அது. 1983 வரை அப்பதவியில் இருந்தார். 1977இல் சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உரிமை விதிகளுக்காக வாரக்கணக்கில் அமர்ந்து போராடியபோது, அதிகாரியாக இருந்தும் வெளிப்படையாக ஆதரவளித்தார். 1983இல் ஜூடி ஹியூமன், ஜோன் லியோன் ஆகியோருடன் உலக மாற்றுத்திறனாளர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். மறு ஆண்டு மக்ஆர்தர் நல்கை கிட்டியது. 1990இல் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் நிறைவேறியதைக் கண்டார். 1995 மார்ச் 14ஆம் நாள், 56ஆம் வயதில் மறைந்தார்.

விளைவும் வினாவும்

கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் மார்க் ஓபிரையனைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. ஆறு வயதில் இதே நோயால் தாக்குண்டு, இரும்பு நுரையீரலுள் வாழ்ந்த அவர் 1978இல் பெர்க்கிலிக்கு வந்து பயின்றார். தாமே அமர்த்திய உதவியாளருடன் தனி வீட்டில் வாழ்ந்து, வாயில் பிடித்த குச்சியால் எழுத்துகளைத் தட்டிக் கவிதை புனைந்தார். அவரைப் பற்றிய ஆவணப்படம் 1997இல் ஆஸ்கர் விருது பெற்றது. உறங்கும் நேரத்தைப் பிறர் விதிக்கும் விடுதியில் அடைபட்டிருந்தால், நள்ளிரவில் தோன்றும் ஒரு வரியை அவர் எப்போது எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வழியில் இடர்கள் இல்லாமல் இல்லை. உதவியாளர் ஒருநாள் வராவிடில் படுக்கையை விட்டு எழ முடியாது. மேலும், ஒருவர் சுதந்திரம் மற்றொருவர் குறைந்த கூலியின் மேல் நிற்றல் அறமாகாது. 1999இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் 74,000 இல்லப் பணியாளர் தொழிற்சங்கம் சேர வாக்களித்தது இக்குறையைப் புலப்படுத்தியது. முடிவெடுக்கும் உரிமையும் உழைப்பவர் ஊதியமும் ஒரே தட்டில் வைத்து எண்ணப்பட வேண்டியவை.

ஸ்வீடனில் அடோல்ப் ராட்ஸ்கா போன்றோர் இவ்வழியைப் பின்பற்ற, 1994இல் அங்கே தனியுதவியாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தாமே தெரிவு செய்யும் உரிமையை 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு உறுதிசெய்தது. 2007இல் இந்தியாவும் அதனை ஏற்றது. ஏட்டில் ஏற்ற அவ்வுரிமை வீட்டுக்குள் வந்துசேர வேண்டுமாயின், அன்பின் பெயரால் நாம் பிறருக்காக எடுக்கும் முடிவுகளை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ராபர்ட்ஸின் சக்கர நாற்காலி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. உடல் ஊனத்தை இரக்கத்தின் குறியீடாகவும் குருட்டு விதியின் உவமையாகவும் பாடிப் பழகிய நம் எழுத்துக்கு அவர் வாழ்வு ஒரு புதுப் பாடுபொருளைத் தருகிறது. தூக்கிவிடும் கை எவருடையதாயினும், எங்கே செல்வது என்று சொல்லும் வாய் அவருடையதாக இருக்கட்டும்.