பழையன காத்த புதுமையாளர்

புதியதொன்று வந்ததும் பழையதைப் புறக்கணித்தல் உலக இயல்பு. ஓடாது நின்றுவிட்ட பொறியைத் தேடிக் கண்டுபிடித்து, துருவைப் போக்கி, மீண்டும் ஓடச் செய்வோர் மிகச் சிலரே. இலட்சக் கணக்கில் புதிய மோட்டார் வண்டிகளைச் செய்து குவித்த ஹென்றி போர்டு அச்சிலருள் ஒருவர் என்பது வியப்பிற்குரியது.

போர்டு 1863-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள், அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்னும் ஊருக்கருகே ஓர் உழவர் குடியில் பிறந்தார். விளையும் பயிர் முளையிலே தெரியும் அன்றோ? இளமையிலேயே அவர் கடிகாரங்களைப் பிரித்துப் பழுது பார்த்தார். 1876-இல், அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, அன்னையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே, குதிரையின் துணையின்றிச் சாலையில் தானே ஊர்ந்து வந்த நீராவி எஞ்சின் ஒன்றை அவர் கண்டார். அக்காட்சி அவர் வாழ்வின் போக்கை வகுத்தது.

1896-இல், டெட்ராயிட் நகரில், தம் வீட்டின் பின்புறக் கொட்டகையில் முதல் வண்டியைச் செய்து ஓட்டினார். அதனை 200 டாலருக்கு விற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் அதனையே 65 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். 1908-இல் வெளிவந்த அவரது 'மாடல் டி' வண்டி, 1927-க்குள் ஒன்றரைக் கோடி அளவிற் பெருகியது.

1916-இல் அவர், வரலாறு பெரும்பாலும் பயனற்றது என்று கூறியிருந்தார். 1919-இல், செய்தித்தாள் ஒன்றின்மீது அவர் தொடுத்த மானநட்ட வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நாட்டு வரலாறு பற்றி அவரை வினவினார். எளிய வினாக்களுக்கும் விடை கூற இயலாது அவர் இடர்ப்பட்டார். வழக்கில் வென்றும், கிடைத்த இழப்பீடு ஆறு செண்டே. கிடைத்த நகைப்போ பெரிது. வரலாற்று நூல்கள் போரையும் தலைவர்களையும் பேசுகின்றன. உழுதவனையும், அடுப்பெரித்தவளையும், துணி துவைத்தவளையும் பேசுவதில்லை. அவர்கள் கையாண்ட கருவிகளைத் திரட்டினால் அவையே மெய்யான வரலாறு கூறும் என அவர் துணிந்தார்.

அவ்வாண்டில், சாலை அமைப்பதன் பொருட்டு அவர் பிறந்த வீடு அழிய இருந்தது. போர்டு அதனை 200 அடி அப்பால் நகர்த்தி, அன்னையார் காலத்தில் இருந்தவாறே சீரமைத்தார். நிலத்தைத் தோண்டி எடுத்த பீங்கான் துண்டுகளைக் கொண்டு, அதே வகைத் தட்டுகளைச் செய்வித்தார். தாய் சமைத்த அடுப்பின் வகையையும் நெடுநாள் தேடிப் பெற்றார். தாம் 1882-இல் கதிரடிக்க இயக்கிய 345 என்னும் எண்ணுடைய நீராவி எஞ்சினையும் தேடுவித்துச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டினார்.

கலப்பைகளும் விளக்குகளும் தையற் பொறிகளும், கையாற் சுழற்றித் துணி துவைக்கும் பொறிகளும் நாடெங்கிலுமிருந்து டியர்பார்னுக்கு வந்து குவிந்தன. அவற்றிற்கென ஓர் அருங்காட்சியகத்தையும், பழைய வீடுகளையும் தொழிற்கூடங்களையும் கொண்ட கிரீன்பீல்டு என்னும் சிற்றூரையும் அமைத்தார். தாமஸ் ஆல்வா எடிசன் மின்விளக்கை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை அங்கே மீண்டும் எழுப்பினார். அது நின்ற நிலத்தின் செம்மண்ணையும் இரயிலில் கொணர்ந்து பரப்பினார். 1929 அக்டோபர் 21-ஆம் நாள், மின்விளக்கின் பொன்விழாவில், முதியவராகிய எடிசனே அங்கு வந்து அந்நாளைய செயலை மீண்டும் செய்து காட்டினார். எல்லாம் முன்போலவே உள்ளன, தரை மட்டும் இத்துணைத் தூய்மையாய் ஒருபோதும் இருந்ததில்லை என்று அவர் நகைத்ததாகக் கூறுவர்.

போர்டு குறையற்றவர் அல்லர். தம் இதழில் யூத மக்களை இழித்துரைக்கும் கட்டுரைகளை வெளியிடச் செய்தார்; 1927-இல் அதற்காக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மேலும், அவர் காக்க விரும்பிய பழைய நாட்டுப்புற வாழ்வை மறையச் செய்தவற்றுள் அவர் செய்த வண்டியும் ஒன்று. எனினும், தாம் மாற்றிய உலகின் நினைவைத் தாமே காத்தல் வேண்டும் என்னும் கடமையுணர்வு அவரிடம் இருந்தது.

1947 ஏப்ரல் 7-ஆம் நாள் இரவு, வெள்ளப் பெருக்கால் அவர் மாளிகையில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் ஒளி தர, தம் 83-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். புதிய ஆற்றல் ஓய்ந்தபோது, பழைய விளக்கே அவருக்குத் துணை நின்றது. அவர் தொகுத்த பொறிகளும் கருவிகளும், பெயர் தெரியாத எண்ணற்ற உழைப்பாளரின் வரலாற்றை இன்றும் கூறி நிற்கின்றன.