கூத்தைத் தேடிப் போன பேராசிரியர்

சவ்வாது மலைமேல் உள்ள புதூர்நாடு என் ஊர். திருவிழாக் காலத்தில் அங்கே விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். என் தந்தையார் வேடம் கட்டுவார். கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் இதை விடுதி நண்பர் எவரிடமும் நான் சொன்னதில்லை. சாமை விதைக்கும் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இவ்வாண்டு தமிழாசிரியர் ஒருவர் படிக்கத் தந்த நூலில்தான் ஈழத்துப் பேராசிரியர் சு. வித்தியானந்தனை அறிந்தேன்.

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் 1924ஆம் ஆண்டு பிறந்த அவர், இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றுப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். 'தமிழர் சால்பு' எழுதியவர். நூலகத்திலேயே காலம் கழித்திருந்தாலும் அவர் புகழுக்குக் குறைவு வந்திராது.

அதே பேராதனையில் பணியாற்றிய சிங்களப் பேராசிரியர் சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். நாட்டுப்புற மரபில் எழுந்த அந்நாடகத்தைக் கற்றோர் கொண்டாடினர். தமிழ்க் கூத்தோ படிக்காதவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவரான வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்ச் சிற்றூர்களை நாடிச் சென்றார். கூத்துப் பழக்குவோரை அங்கே அண்ணாவியார் என்பர். நாங்கள் வாத்தியார் என்போம். அவர்களுக்கு மாநாடு கூட்டினார். கூத்துப் போட்டிகள் நடத்தினார். கையெழுத்துப் படிகளாகக் கிடந்த கூத்துகளை அச்சேற்றினார்.

பின்னர்ப் பல்கலைக்கழக மாணவரையே ஆடவைத்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', அதன்பின் 'இராவணேசன்', 'வாலிவதை'. மட்டக்களப்பிலிருந்து படிக்க வந்த மௌனகுரு என்னும் மாணவர் அக்கூத்துகளில் ஆடினார். பின்னாளில் அவரும் பேராசிரியரானார். இவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா அமர்ந்திருந்தேன்.

வட்டக்களரியில் நாற்புறமும் மக்கள் சூழ விடியும்வரை ஆடிய கூத்து, ஒருபுறம் மட்டுமே பார்க்கும் மேடைக்கு, ஓரிரு மணி நேரமாகச் சுருங்கி வந்தது. இது கூத்தைச் சிதைத்தது என்பாரும் உளர். அதில் உண்மை உண்டென்றே நான் எண்ணுகிறேன். ஆனால், சுருக்காதிருந்தால் அந்த மாணவர்கள் மேடையில் கால் வைத்திருப்பார்களா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கி, 1989இல் அவர் மறைந்தார்.

கல்லூரி விழாவில் எங்கள் ஊர்க் கூத்துக்கு ஒரு மணி நேரம் தரும்படி விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதைக் குறைப்பது என்று அப்பாவைத்தான் கேட்கவேண்டும். கட்டியங்காரன் வந்து போவதற்கே ஒரு மணி நேரம் போதாது என்பார்.