1,083 பெட்டிகள் செய்த மூப்பர்



மேடையில் நின்று பேசின தேவ மனிதர்களைப் பற்றி நாம் நிறைய வாசித்திருக்கிறோம். இந்த மாதம் மேடையே ஏறாத ஒரு மனிதரைப் பற்றிப் பார்ப்போம். தச்சுப் பட்டறையில் மரத்தூளுக்கு நடுவிலே எழுபது வருஷத்துக்கு மேல் கர்த்தரைச் சேவித்தவர். பெயர் டெல்மர் வில்சன். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஷேக்கர் சபையின் மூப்பர்.

யார் இந்த ஷேக்கர்கள்?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் ஆன் லீ என்ற ஏழைப் பெண் இருந்தார். பெற்ற நாலு பிள்ளைகளையும் சின்ன வயசிலேயே அடக்கம்பண்ணின தாய் அவர். அவரோடு ஜெபித்த கூட்டத்தார் ஆராதனையில் நடுங்கினார்கள், குலுங்கினார்கள், ஆடினார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். பார்த்த ஜனங்கள் கேலியாக வைத்த பெயர்தான் ஷேக்கர், அதாவது குலுங்குகிறவர்கள். 1774-ல் ஆன் லீ எட்டுப் பேரோடு கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். அடுத்த நூறு வருஷத்துக்குள் பல ஆயிரம் பேர் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவர்களுடைய உபதேசம் முழுவதையும் நாம் ஏற்கமாட்டோம். கிறிஸ்துவின் ஆவி ஆன் லீயின் மூலமாக இரண்டாந்தரம் வெளிப்பட்டது என்றார்கள். அது வேதத்துக்கு ஒத்ததல்ல. விவாகமே கூடாது என்றார்கள். விவாகத்தைக் கனமுள்ளதென்று வேதம் சொல்லுகிறது. மீனைச் சாப்பிட்டு முள்ளை ஒதுக்குகிறோம் இல்லையா, அப்படி இந்தச் சரித்திரத்தை வாசிப்போம்.

எட்டு வயதுப் பையன்

டெல்மர் 1873-ல் மெய்னில் உள்ள டாப்ஷம் ஊரில் பிறந்தார். 1882-ல், அவருக்கு எட்டு வயசாக இருக்கும்போது, தாயார் அவரை சாபத்டே லேக் என்ற ஷேக்கர் கிராமத்தில் கொண்டுவந்து விட்டார். அந்தக் காலத்தில் வளர்க்க வழியில்லாத எத்தனையோ பிள்ளைகள் இப்படி ஷேக்கர்கள் கையில் வந்தார்கள். அவர்கள் சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், கைத்தொழில் பழக்கினார்கள். இருபத்தொரு வயசு ஆனதும் தங்குவதா, போவதா என்று பிள்ளைகளே முடிவெடுக்கலாம்.

முக்கால்வாசிப் பேர் போயிட்டாங்க. வெளியே பட்டணம் இருந்தது, சம்பளம் இருந்தது, கல்யாணம் இருந்தது. இங்கேயோ எல்லாம் பொதுச் சொத்து. தனக்கென்று ஒரு காசும் கிடையாது. ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். டெல்மர் தங்கினார். வேறு போக்கிடம் இல்லாததால் ஒட்டிக்கொண்டவர் என்று நினைக்காதீர்கள். கண்ணெதிரே ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகும்போது இருக்கிறேன் என்று தீர்மானிப்பது லேசான காரியமா?

பட்டறையே ஆராதனை ஸ்தலம்

ஷேக்கர்கள் வேலையையும் ஜெபத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. கை வேலையில் இருக்கட்டும், இருதயம் கர்த்தரிடத்தில் இருக்கட்டும் என்பதே அவர்கள் வளர்ந்த விதம். ஆசரிப்புக்கூடாரத்து வேலைக்காகப் பெசலெயேலைத் தேவ ஆவியினால் கர்த்தர் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31-ல் வாசிக்கிறோமே! ஆவியின் நிறைவு நாவுக்கு மட்டுமல்ல, விரல்களுக்கும் உண்டு.

டெல்மர் கோடையில் ஆப்பிள் தோட்டத்தைக் கவனித்தார். படம் வரைந்தார், புகைப்படமும் எடுத்தார். பனி கொட்டுகிற மெய்ன் குளிர்காலத்தில் பட்டறைக்குள் போய்ப் பெட்டி செய்தார். கைப்பிடி வைத்த, முட்டை வடிவமான தையல் பெட்டிகள்.

அதைச் செய்கிற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மரத்தை மெல்லிய பட்டையாக இழைக்க வேண்டும். பட்டையின் ஒரு முனையை விரல் விரலாக வெட்ட வேண்டும். வெந்நீரிலோ ஆவியிலோ இளக வைத்து, அச்சைச் சுற்றி வளைத்து, சின்னச் செம்பு ஆணிகளால் அடிக்க வேண்டும். இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்தைக் கறையாக்கும், செம்பு துருப்பிடிக்காது. அந்த விரல்கள் அழகுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். விரல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் பெட்டி வெடிக்காமல் நிற்கும். பிரியமானவர்களே, ஒருவருக்கொருவர் இடங்கொடுக்காத குடும்பமும் சபையும் ஏன் விரிசல் விடுகிறது என்று இப்போ புரியுதுங்களா?

1922-ன் கடைசியிலிருந்து 1923 வரைக்கும் ஒரே குளிர்காலத்தில் அவர் செய்த பெட்டிகள் 1,083. ஐந்து மாதம் என்று கணக்குப் போட்டாலும் நாளுக்கு ஏழுக்கு மேல்! அத்தனை பெட்டிகளும் அடுக்கியிருக்க அவர் பட்டறையில் நிற்கிற புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. பெட்டிக்குள் சகோதரிகள் பட்டுத்துணி தைத்து, ஊசி குத்தும் திண்டு, மெழுகு எல்லாம் வைப்பார்கள். பக்கத்து ஊரான போலந்து ஸ்பிரிங் ஹோட்டலுக்கு ஊற்றுத் தண்ணீர் குடிக்க வருகிற பணக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

யாருக்காக இந்த உழைப்பு? அவருக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை, பேங்க் கணக்கு இல்லை. ஆண்கள் குறைந்துபோன அந்தச் சபையில் வயதான சகோதரிகளும், கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். தன்னை எட்டு வயசில் சேர்த்துக்கொண்ட வீட்டுக்கு அவர் கூரையாக நின்றார்.

அணைந்துபோன அடுப்புகள்

டெல்மருடைய காலத்தில் ஷேக்கர் கிராமங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1931-ல் அதே மாநிலத்து ஆல்பிரட் கிராமம் மூடி, அங்கிருந்தவர்கள் சாபத்டே லேக் வந்து சேர்ந்தார்கள். 1947-ல் தலைமைச் சபையாக இருந்த மவுண்ட் லெபனானே மூடப்பட்டது. 1960-ல் ஹான்காக். ஒரு காலத்தில் ஆராதனையில் ஆடி அதிர்ந்த கூட்டம் அது. கடைசியில் நடனம் நின்றது, பாட்டுகள் மட்டும் மிஞ்சின. ஜனங்கள் அவர்களுடைய நாற்காலியையும் பெட்டியையும் விலை கொடுத்து வாங்கினார்கள். அவர்களுடைய தேவனைத் தேடி வந்தவர்களோ கொஞ்சம்தான்.

மூப்பராகிய டெல்மர் இதையெல்லாம் கண்ணால் பார்த்தார். ஆனாலும் ஆணி அடிக்கிற கை தளரவில்லை. கூட்டம் குறைந்ததென்று வேலையின் சுத்தமும் குறையவில்லை. 1961-ல் அவர் நித்திரையடைந்தபோது பழைய தலைமுறைச் சகோதரர்களில் அவரே கடைசி ஆள். சாபத்டே லேக்கில் கால் வைத்து ஏறக்குறைய 79 வருஷம் ஆகியிருந்தது. பின்பு சிலர் வந்து சேர்ந்தார்கள். 1794-ல் கட்டின ஆராதனை வீடு உள்ள அந்த ஒரே கிராமத்தில் மட்டும், விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு கூட்டம் இன்றும் ஜெபிக்கிறது.

நமக்கு என்ன?

தேவ பிள்ளையே, நாமும் அக்கினியில் பிறந்த ஜனம். நம்ம கூட்டத்திலும் அசைவு உண்டு, அந்நிய பாஷை உண்டு, ஆர்ப்பரிப்பு உண்டு. இவை வேண்டும், இன்னும் அதிகமாக வேண்டும்! ஆனால் ஞாயிற்றுக்கிழமை குலுங்கின சரீரம் திங்கட்கிழமை மில்லிலும் ஆபீசிலும் எப்படி வேலை செய்யுது? அளவில் குறைக்காமல், மேஸ்திரி பார்க்காதபோதும் நேர்மையாகச் செய்யுதா? சத்தம் ஓய்ந்தபின் எது மிஞ்சுகிறதோ அதுதான் எழுப்புதலின் கனி. டெல்மரிடத்தில் மிஞ்சினது உண்மையுள்ள ஒரு ஜோடிக் கைகள்.

இன்னொரு பாரமும் உண்டு. பெட்டி செய்கிற வித்தையை எழுதி வைக்கலாம், இன்றைக்கும் பல நாட்டுத் தச்சர்கள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். அக்கினியை அப்படி எழுதி வைக்க முடியாது. ஆள் ஆளுக்குப் பற்றவைக்க வேண்டும். நம்ம பிள்ளைகள் நம்ம பாட்டை மட்டும் கற்றிருக்கிறார்களா, நம்ம தேவனையும் அறிந்திருக்கிறார்களா? உபவாச ஜெபத்தில் அவர்களும் முழங்கால் போடுகிறார்களா, வெளியே செருப்புக்குக் காவல் இருக்கிறார்களா?

இந்த மாதம் குடும்ப ஜெபத்தில் இரண்டு காரியத்துக்காக மன்றாடுவோம். கர்த்தாவே, என் கைகளின் வேலையைப் பரிசுத்தப்படுத்தும். என் பிள்ளைகளுக்குள் உமது அக்கினியை மூட்டும்.

கர்த்தர்தாமே உங்கள் வீட்டையும் உங்கள் கையின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென். அல்லேலூயா!